இரக்கம் அளவுகோல் ஆகாது

விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான சிறு அரச பாடசாலைகளைப் பற்றி நம் நாட்டில் இரண்டே வகையான பேச்சுத்தான் உண்டு. "பாவம், எவ்வளவு பெரிய சேவை!" என்பது ஒன்று. "பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்களா?" என்பது மற்றது. முதலாவதை மேடையில் சொல்வார்கள். இரண்டாவதைக் கோப்பில் எழுதுவார்கள். இரண்டையும் சொல்பவர் ஒரே ஆளாக இருப்பதும் உண்டு. அந்தப் பிள்ளை அங்கே என்ன கற்றது என்ற கேள்வி மட்டும் இரண்டு பேச்சிலும் இராது.

மாளிகாவத்தையை எடுத்துக்கொள்வோம். 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம கிரிக்கெட் மைதானத்தால் உலகம் அறிந்த இடம் அது. அங்கே வாழ்பவர்களோ நெருக்கமான தொடர்மாடிகளிலும் தோட்டங்களிலும் குடியிருக்கும் உழைப்பாளிகள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் அவர்களிற் பெருந்தொகையினர். தலைநகரின் மற்றப் பகுதிகளைப் போலவே அங்கும் ஒரு பாடசாலையின் பெருமை, தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வெளிவந்த கையோடு மதிலில் தொங்கும் பதாகையால் அளக்கப்படுகிறது. அப்படிப்பட்ட சூழலில் ஒரு சிறு விசேட ஆரம்பப் பாடசாலையோ, சாதாரண பாடசாலையின் ஓரத்து அறையில் இயங்கும் விசேட கல்வி அலகோ எந்தப் பதாகையைத் தொங்கவிடும்? ஒன்பது வயதில் முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதிய பிள்ளைக்குப் பதாகை அடிப்பார் யார்?

பதாகை இல்லாததால் மதிப்பீடும் இல்லை என்றாகிவிட்டது. உள்ளக மதிப்பீடு, வெளி மதிப்பீடு என்று கல்வி அமைச்சிடம் முறைகள் இல்லாமலில்லை. ஆனால் அவை முழுப் பாடசாலைக்கும் உரியவை. ஆயிரம் பிள்ளைகளின் சராசரிக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் கரைந்துபோவார்கள்.

இந்தப் பழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் விசேட கல்வியைத் தொடக்கியது அரசு அன்று. 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலையே இன்று இரத்மலானையில் இருப்பது. கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடசாலை 1956இல் வந்தது. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபின்னும், ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்தும் மற்றச் செலவு தருமவான்களிடமிருந்தும் என்ற ஏற்பாடு விசேட பாடசாலைகள் பலவற்றில் நீடித்தது. தருமமாகத் தொடங்கியதைத் தருமமாகவே பார்க்கும் கண் நமக்குப் பழகிவிட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறது பழமொழி. விசேட பாடசாலையையும் நாம் அப்படியே ஆராயாமல் விட்டுவிட்டோம்.

ஆனால் இது தானம் அன்று. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 1998இல் ஐந்து முதல் பதினான்கு வயதுவரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியதும் அதே 2016இல்தான். உரிமையாகிவிட்ட ஒன்றுக்கு நன்றி சொல்லத் தேவையில்லை; கணக்குக் கேட்கவேண்டும்.

எப்படிக் கேட்பது? அமெரிக்கா 1975இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு விசேட தேவைப் பிள்ளைக்கும் எழுத்திலமைந்த தனியாள் கல்வித் திட்டம் வேண்டும் என்றது. நேற்று இந்தப் பிள்ளையால் எது முடிந்தது, இன்று எது முடிகிறது, அடுத்த ஆண்டு எது முடியவேண்டும் என்று பெற்றோரை வைத்துக்கொண்டே எழுதும் ஏடு அது. பிள்ளையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதே அளவுகோல். அதே நாடு 2002இல் இயற்றிய வேறொரு சட்டம் பொதுத் தேர்வுகளைக் கொண்டு பாடசாலைகளுக்குத் தேர்ச்சி முத்திரை குத்தியது. பலத்த கண்டனத்தின் பின் 2015இல் அது மாற்றப்பட்டது. ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்தது: சராசரிக்குள் மறைந்திருந்த பிள்ளைகளின் பெறுபேறுகள் தனியே வெளியாயின. பொதுத் தேர்வை மட்டும் நம்புவதும் பிழை. ஒன்றையும் அளக்காமல் விடுவது அதனினும் பிழை.

மாளிகாவத்தையில் அப்படி ஒரு சிறு பாடசாலையை மதிப்பிடச் சொன்னால் நான் கேட்கும் கேள்விகள் இவை.

முதலாவது, இடாப்பில் இல்லாத பிள்ளைகள் எத்தனை? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் உண்டு. அவர்களிற் பெரும்பகுதியினர் முதியோர் என்பது உண்மை. எனினும் எஞ்சிய பிள்ளைகள் எந்த வீட்டில், எந்தத் தட்டில் இருக்கிறார்கள் என்று கிராம உத்தியோகத்தரும் அதிபரும் சேர்ந்து கணக்கெடுக்க இயலாதா?

இரண்டாவது, பிள்ளை எப்படி வந்து சேர்கிறது? பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டுமென்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன; கலாநிதி அஜித் பெரேராவின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2011இல் அதை வலியுறுத்தியது. பாடசாலை வாசலில் சாய்தளம் அமைத்துவிடலாம். மின்தூக்கி இல்லாத தொடர்மாடியின் மேல்தட்டிலிருந்து, வளர்ந்துவரும் மகனைத் தாய் எத்தனை ஆண்டு சுமந்து இறக்குவாள்? முச்சக்கரவண்டிக் கூலி நாட்கூலியில் எவ்வளவைத் தின்கிறது? வரவு குறைந்ததற்கு "பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று எழுதும் முன் இதைக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, எந்த மொழியில் கற்பிக்கிறார்கள்? பேச்சு வளர்ச்சி தாமதமான பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வகுப்பில் சிங்களம் என்றால், அதன் மௌனம் ஊனத்தின் மௌனமா மொழியின் மௌனமா என்று யார் சொல்வது? தமிழ்மொழிமூலம் பயிற்றப்பட்ட விசேட கல்வி ஆசிரியர் அங்கே இருக்கிறாரா, அல்லது வேறெங்கும் இடமில்லாமல் அனுப்பப்பட்டவரா?

நான்காவது, இந்த அறையிலிருந்து சாதாரண வகுப்புக்குப் போன பிள்ளை உண்டா? ஆண்டுக்கணக்காக ஒருவரும் போகவில்லை என்றால் ஏன்? ஆரம்பப் பிரிவு முடிந்தபின் அவர்கள் எங்கே போனார்கள்? சட்டம் பதினாறு வயது என்கிறது. ஐந்தாம் தரத்தோடு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையை யார் கணக்கில் எழுதுவது?

இரண்டு ஆட்சேபங்கள் எழும். ஏற்கெனவே களைத்துப்போன ஆசிரியைக்கு இன்னும் காகிதச் சுமையா என்பது முதலாவது. நியாயமான கேள்வி. பிள்ளைக்கு ஓர் ஏடு, தவணைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் கேட்கும் படிவங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கற்பித்தலுக்குப் பயன்படும் எழுத்து சுமையன்று. வலயப் பணிமனையின் அலுமாரிக்குப் போகும் எழுத்துத்தான் சுமை.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. குறை வெளிவந்தால் அதையே சாட்டாக வைத்து மூடிவிடுவார்களே என்பது. மாணவர் தொகை குறைந்த பாடசாலைகளை மூடுவதா இணைப்பதா என்ற பேச்சு இந்நாட்டில் ஓய்ந்தபாடில்லை. ஆகவே இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏட்டில் பதிவு இல்லாத பாடசாலையை மூடுவதே மிக எளிது. தலைகளை எண்ணினால் போதும், கணக்கு முடிந்தது. இந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் மூன்றாண்டில் இன்னின்ன கற்றார்கள் என்று எழுத்தில் இருந்தால், மூட வருபவர் அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். பதிவுதான் அந்தத் தாயின் கையில் உள்ள ஒரே ஆயுதம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் திகதி, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தில், அமைச்சர்கள் பரிசு வழங்குவார்கள். பத்திரிகைகள் படம் போடும். அந்த ஒரு நாளில் படத்துக்குப் பதிலாக ஒவ்வொரு விசேட அலகின் ஆண்டு அறிக்கையை, பிள்ளைகளின் பெயரை நீக்கி, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்டால் என்ன? யாரும் கண் கலங்கமாட்டார்கள். ஆனால் எந்த அறையில் ஆசிரியர் இல்லை, எந்தப் பிள்ளை வரவில்லை, எந்த வலயம் பொய் சொல்கிறது என்பது ஊருக்குத் தெரியவரும்.