பறக்கும் பம்பரம்

பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கும் வேளையில் பெற்றோர் சிலர் என்னை அணுகி வினவும் வினா ஒன்றுண்டு. "மாஸ்டர், மகன் றிமோட் ஹெலிகொப்டர் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அதிகம் செலவில்லாமல் எதை வாங்கலாம்?" என்பர்.

பௌதிகம் கற்பிப்பவனுக்கு இதனினும் இனிய வினா வேறில்லை. ஆயினும், செலவு என்று அவர்கள் கருதுவது பெட்டியின் மீது ஒட்டியிருக்கும் விலையை மாத்திரமே. ஹெலிகொப்டரோ விழுகின்ற பொருள். கற்பவன் கையில் அது முதல் வாரத்திலேயே பலமுறை விழும். ஆகவே சிக்கனமாக வாங்க விரும்புவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்கவேண்டியது, "இது விழுந்தால் எது உடையும்? உடைந்த உறுப்புத் தனியே கிடைக்குமா? அதன் விலை என்ன?" என்பதாகும். இவற்றுக்கு விடை கூறமாட்டாத கடையிற் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது நட்டமே.

அதனைப் பறக்கவிடுவது ஏன் கடினம் என்பதைச் சற்று நோக்குவோம். மேலேயுள்ள சுழலி ஒரு திசையிற் சுழலும்போது, நியூற்றனின் மூன்றாம் விதிப்படி உடல் எதிர்த்திசையிற் சுழல முயலும். 1939ஆம் ஆண்டு செப்தெம்பரில் இகோர் சிக்கோர்ஸ்கி என்பார் அமெரிக்காவிலே தரையினின்றும் எழுப்பிய வி.எஸ்.300 என்னும் ஊர்தியில், வாலிலே சிறு சுழலி பொருத்தி இம்முறுக்கத்தை எதிர்த்தார். இன்றும் பெரும்பாலான ஹெலிகொப்டர்கள் அவ்வழியே செல்கின்றன. மற்றொரு வழியும் உண்டு. ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு சுழலிகளை அமைத்து எதிரெதிராகச் சுழலவிட்டால், ஒன்றன் முறுக்கத்தை மற்றது தின்றுவிடும்.

விளையாட்டுப்பொருட் கடைகளிற் காணப்படும் மலிவான வகை பெரும்பாலும் இந்த இரட்டைச் சுழலியே. சைமா நிறுவனத்தின் எஸ்.107 அவ்வகையிற் பேர்பெற்றது. அறைக்குள் அமைதியாக நிற்கும். சிறு பிள்ளையும் ஒரு மாலைப்பொழுதிற் பழகிவிடும். ஆனால் அதற்கு மூன்று சனல்களே உள்ளன. ஏறி இறங்கலாம், திரும்பலாம், முன்னும் பின்னும் செல்லலாம். பக்கவாட்டில் நகர இயலாது. மேலும் அது றேடியோ அலையால் இயங்குவதன்று. வீட்டுத் தொலைக்காட்சியின் றிமோட்டைப் போன்று செந்நிறக்கீழ்க் கதிரால் இயங்குவது. வெயிலிற் கொண்டு சென்றால் சொற்கேளாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். பதினான்கு வயது மாணவனுக்கோ ஒரு வாரத்திற் சலித்து, அலுமாரியின் மேல் ஏறிவிடும்.

மறுகோடியில் நிற்பது ஆறு சனல் வகை. மலிவான வகைகளில் சுழலித் தகட்டின் கோணம் மாறாது. வேகத்தைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். ஆறு சனல் வகையிலோ தகடுகளின் கோணமே மாறும். அதனால் கணப்பொழுதில் ஏறவும், தலைகீழாய்ப் பறக்கவும் அதனால் முடியும். மாணவர் உள்ளம் இயல்பாகவே இதில்தான் செல்கிறது. என் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டாண்டுச் சேமிப்பை இதிற் கொட்டினான். அது பறந்தது ஒரு நிமிடமும் இராது. பிரதான அச்சு வளைந்தது. பற்சில்லின் பல் போயிற்று. தகடுகள் இரண்டும் முறிந்தன. உறுப்புகளைக் கடல் கடந்து வரவழைக்க ஒரு மாதம் சென்றது. வந்த உறுப்புகளைப் பூட்டி மீண்டும் எழுப்பினான். மீண்டும் அதே கதை. அந்தப் பிள்ளை அதற்குமேல் அதனைத் தொடவில்லை. திறமை இல்லாமையால் அன்று. மூன்றாம் முறை விழுவதற்கு அவனிடம் பணம் இல்லாமையால்.

இதிற் பணத்தினும் பெரிய விடயம் ஒன்று உண்டு. சுழலியின் விட்டம் 70 சென்ரிமீற்றர் உள்ள ஊர்தி ஒன்றைக் கருதுவோம். நிமிடத்துக்கு 2,500 தடவை அது சுழலுமாயின், தகட்டின் நுனி மணிக்கு ஏறக்குறைய 330 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். 2013 செப்தெம்பரில், நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் ஒருவர் தாம் பறக்கவிட்ட ஹெலிகொப்டர் தம்மையே தாக்கியதால் உயிரிழந்தார். அவர் புதியவரும் அல்லர். விளையாட்டுப்பொருள் என்ற பெயரை நம்பி இவ்வளவு பெரிய ஊர்தியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோரை நான் தடுக்கவே செய்வேன்.

அங்ஙனமாயின் எதை வாங்குவது? உள்ளங்கையளவான, ஒற்றைச் சுழலியும் வாற்சுழலியும் உடைய, தகட்டுக்கோணம் மாறாத நான்கு சனல் ஹெலிகொப்டர் என்பதே என் விடை. டபிள்யூ.எல். டோய்ஸ் நிறுவனத்தின் வி.911 இவ்வகையின் நல்ல உதாரணம். உண்மை ஹெலிகொப்டரைப் போலவே இது பக்கவாட்டிலும் நகரும். கையும் கண்ணும் கற்கவேண்டிய அனைத்தையும் கற்பிக்கும். பழைய பதிப்பொன்று அரைவிலைக்குக் கிடைக்கிறதெனின், அதற்கு உறுப்புகள் இன்னும் விற்பனையாகின்றனவா என்று பார்த்த பின்னரே பணத்தை எடுக்கவேண்டும்.

சிறியது என்பதால் இதனைத் தாழ்வாக எண்ணவேண்டாம். பனையுச்சியினின்று விழும் எறும்பு ஒன்றும் நேராததுபோல் ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். உருவத்தின் நீளம் பாதியானால் எடை ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிறது. விழும்போது தாங்கவேண்டிய அடியும் அதற்கேற்பக் குறைகிறது. ஆகையால் பெரியது ஒருமுறை விழுந்து முடமாகும் இடத்தில், சிறியது நாற்பது முறை விழுந்தும் எழும். இதுவே ஏழை மாணவனின் செல்வம். காற்றிலே அலைக்கழியும் என்பது இதன் குறை. வீட்டு விறாந்தையும், காற்று விழுந்த அதிகாலை முற்றமும் போதுமல்லவா? வெளியே பறக்கவிட எண்ணுவோர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறிந்துகொள்ளல் நன்று. விமானத்தளங்களின் அயலில் வேண்டவே வேண்டாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் ஊர்திக்கே கொடுத்துவிடலாகாது. நூறு ரூபா இருப்பின் அறுபதை ஊர்திக்கும் நாற்பதை உதிரி உறுப்புகளுக்கும் ஒதுக்குவது என் கணக்கு. மேலதிகமாக இரண்டு பற்றரி, இரண்டு சோடித் தகடு, ஒரு வாற்சுழலி ஆகியவற்றை அன்றே வாங்கிவிடவேண்டும். ஒரு பற்றரியிற் சில நிமிடங்களே பறக்கலாம். அதனை நிரப்பவோ பன்மடங்கு நேரம் வேண்டும். ஒற்றைப் பற்றரியோடு கற்பவன் பறப்பதினும் காத்திருப்பதே அதிகம். இவை லிதியம் பொலிமர் பற்றரிகள். கலம் ஒன்று 4.2 வோற்றுக்கு மேல் நிரப்பப்படலாகாது. 3 வோற்றுக்குக் கீழ் வடியவும் விடலாகாது. ஊதிப்போன பற்றரியை ஒருபோதும் மின்னேற்றவேண்டாம். இரவில் மின்னேற்ற வைத்துவிட்டு உறங்கச் செல்லும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் காணின், பெற்றோர் கண்டிப்புடன் தடுத்தல் வேண்டும். தீப்பற்றும் இயல்புடைய பொருள் அது.

சற்று வசதியுள்ளோர், கணினியோடு இணைக்கக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தேடலாம். கணினித் திரையில் ஆயிரம் முறை விழுந்தாலும் ஒரு தகடும் முறியாது. ஊர்தி மாறினும் நல்ல கருவி பல்லாண்டு நிற்கும். எவ்வகையாயினும், ஏற்றி இறக்கும் கோல் இடக்கையில் உள்ளதா வலக்கையில் உள்ளதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்றிற் பழகிய கை மற்றதில் தடுமாறும். உயரத்தைத் தானே காத்துக்கொள்ளும் புதிய வகைகளும் விற்பனைக்கு வந்துள்ளன. அவை முதல் வாரத்தை எளிதாக்குவது மெய். ஆனால் ஏற்றி இறக்கும் விரல் நுட்பத்தைக் கற்பியா. அந்த எளிமைதான் வேண்டுமெனின் நாற்சுழலி ட்ரோனே வாங்கிவிடலாம்.

பழகும் முறை குறித்துச் சில சொற்கள். முதலில் மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள்! தம்பி தங்கையரை அறைக்கு வெளியே இருக்கச் செய்யுங்கள். புதியவர்கள் அஞ்சி, தரையை ஒட்டியே அதனை நிறுத்த முயல்வர். தகடுகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்றுத் தரையில் மோதித் திரும்பி வந்து ஊர்தியை அங்குதான் அதிகம் குலைக்கும். ஆதலால் தயங்காது இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றிவிடவேண்டும். விழப்போகிறது என்று கண்டால் உடனே சுழலியை நிறுத்தவேண்டும். சுழன்றுகொண்டே மோதும் தகடுதான் முறியும். வால் நம்மை நோக்க, ஒரே இடத்தில் ஒரு பற்றரி முழுவதும் நிறுத்தப் பழகியபின், வலமும் இடமுமாக உடலைச் சற்றுச் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். மூக்கு நம்மை நோக்கும் நிலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நிலையில் வலக்கோல் வலப்பக்கம் சென்றால் ஊர்தி நமக்கு இடப்பக்கம் செல்லும். பெரும்பாலோரின் இரண்டாஞ் சோடித் தகடுகள் செலவாவது அங்கேதான்.