விதையா, கிளையா?

கனடாவில் 2018-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி முதல் கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அதே ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, பெரியவர்களுக்கு விற்கும் கடைகள் திறந்தன.

இந்தியாவில் 1985-ம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் கஞ்சா பயிரிடுவது குற்றம். அங்கே உரிமம் பெற்ற விவசாயிகளுக்கு அது ஒரு பணப்பயிர்.

அந்த விவசாயிகளிடையே ஒரு வாதம் நடக்கிறது. விதை போட்டு வளர்ப்பதா? கிளையை வெட்டி நடுவதா?

பெரிய பண்ணைக்கு விதையே நல்லது.

பூவுக்குத்தான் விலை!

கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் பூவுக்குத்தான் விலை. ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறந்து வந்து விழுந்தால், பூவில் விதை பிடித்துவிடும். சரக்கின் தரம் இறங்கிவிடும்.

சாதாரண விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆண் செடியாக வரும். ஆகவே, நல்ல பெண் செடி ஒன்றைத் தாயாக வைத்துக்கொள்கிறார்கள். முருங்கைப் போத்து நடுவது போல, அதன் கிளைகளை வெட்டி நடுகிறார்கள். சுமார் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கிறது. எல்லாம் பெண் செடி. எல்லாம் ஒரே அச்சு!

வசதிதான். ஆனால், தாயின் குணம் மட்டுமா வருகிறது? தாயின் நோயும் சேர்ந்து வருகிறது!

கத்தியில் பரவும் நோய்

2019-ம் ஆண்டில் கலிபோர்னியாவின் கஞ்சாச் செடிகளில் 'ஹாப் லேட்டன்ட் வைராய்டு' என்ற நோய்க்கிருமி இருப்பது தெரியவந்தது. இது வைரசைவிடச் சிறியது. செடி குட்டையாகும். பூ சிறுக்கும். பிசின் குறையும்.

தாய்ச் செடியோ பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதை வெட்டிய கத்தி அடுத்த செடியை வெட்டும். நோயும் கூடவே போகும்.

ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. அங்கே ஏழைகள் 'லம்பர்' என்ற உருளைக்கிழங்கையே பெரிதும் நம்பியிருந்தார்கள். 1845-ல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

பெண் விதை

ஆண் செடிப் பயத்துக்கு இன்று வழி உண்டு. வெள்ளி கலந்த மருந்தைத் தெளித்து, பெண் செடியிலேயே ஆண் பூ வரவழைக்கிறார்கள். அந்த மகரந்தத்தை வேறொரு பெண் செடிக்குச் சேர்க்கிறார்கள். பிறக்கும் விதைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்!

விதைக்குத் தாய்ச் செடி அறை வேண்டாம். அதற்கு விளக்கும் ஆளும் வேண்டாம். நேர்வேர் ஆழமாக இறங்குவதால் திறந்த வயலுக்கும் ஏற்றது.

"விதைப் பயிர் ஒரே சீராக வராதே!" என்பார்கள். உண்மைதான். மக்காச்சோளத்தில் செய்தது போல, வீரிய ஒட்டு விதை அந்தக் குறையைப் பெரிதும் தீர்க்கும். வைராய்டு சில சமயம் விதை வழியாகவும் வரும். ஆகவே, சோதித்த தாய் தந்தைச் செடிகளின் விதையையே வாங்க வேண்டும்.

சிறு தோட்டத்தில் அபூர்வ ரகத்தைக் காப்பாற்றக் கிளை உதவும். பல ஏக்கர் போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. ஒரு விதை முளைக்காவிட்டால் ஒரு குழிதான் நஷ்டம். தாய்ச் செடி கெட்டால் தோட்டமே நஷ்டம்!