மாட்டுக்கு விஷம், யானைக்கு பட்டினி: மலையை வளைத்துப்போட்ட உண்ணிச்செடி

ஈரோடு:

மாட்டை புலி அடிச்சா ஊரே பேசும். வனத்துறை வந்து பார்த்து நஷ்டஈட்டுக்கு எழுதிட்டு போகும். அதே மாடு ஒரு செடியை தின்னுட்டு செத்தா? கேட்க ஆளில்லை. அந்த செடியால் காட்டு விலங்குக்கும் நஷ்டம், மேய்ச்சல்காரருக்கும் நஷ்டம்.

செடியின் பெயர் உண்ணிச்செடி. பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் கலரில் கொத்துக்கொத்தாக பூ, கசக்கினால் ஒரு நெடி, கருப்பாக குட்டி குட்டி பழம். அமெரிக்க கண்டத்து செடி இது. 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காக கல்கத்தா தோட்டத்துக்கு கொண்டு வந்தார்கள். பழத்தை குருவி தின்னு எச்சம் போட்டு போட்டு நாடு முழுக்க பரவிவிட்டது.

2020-ல் வெளியான ஒரு ஆய்வு, புலிகள் வாழும் காடுகளில் 1 லட்சத்து 54 ஆயிரம் சதுர கிலோமீட்டரை இந்த செடி பிடித்துவிட்டதாக சொல்கிறது. அதாவது 40 சதவீதத்துக்கும் மேல். நம்ம தமிழ்நாடு மொத்தமே 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர்தான். கணக்கு போட்டு பாருங்க.

வெயிலில் நின்றால் தோல் உரியும்

இலையில் இருக்கிற விஷத்துக்கு லான்டடீன் என்று பெயர். இது நேராக ஈரலை தாக்கும். பித்தநீர் வெளியேற வழியில்லாமல் அடைபடும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, சாணி கட்டியாக போகும். அடுத்து கண் மஞ்சளாகும். மனுஷனுக்கு வருகிற மஞ்சள் காமாலை மாதிரியேதான்.

அதோடு விடாது. மாடு தின்கிற பச்சை தீவனத்தில் இருந்து வயிற்றில் ஒரு கழிவு உண்டாகும். நல்ல ஈரல் அதை பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். ஈரல் கெட்டுப்போனால் அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு போய் தங்கும். அப்புறம் வெயில் பட்டாலே தோல் வெந்து போகும். மூக்கு வெடிக்கும், காது, கண் இமை வீங்கும், தோல் உரியும். வெள்ளைத் தோல் உள்ள இடம்தான் முதலில் உரியும். ஏதோ அம்மை, ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்து மஞ்சள் தடவிக்கொண்டே நாளை கடத்துவது உண்டு. விஷம் அதிகம் ஏறினால் 2 நாளில் கதை முடியும். இல்லாவிட்டால் 2, 3 வாரம் இழுத்துக்கொண்டு கிடந்து சாகும்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. வயிறு வேலை செய்யாமல் நின்றுவிடுவதால், தின்ற இலை உள்ளேயே கிடந்து விஷத்தை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் கால்நடை டாக்டர்கள் விஷத்தை உறிஞ்சுகிற கரித்தூளை தண்ணீரில் கலந்து குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிறார்கள். மாட்டின் எடையில் கிலோவுக்கு 5 கிராம். 300 கிலோ மாட்டுக்கு ஒன்றரை கிலோ. இது அடுப்புக்கரி இல்லை, மருந்துக்கரி. சீக்கிரம் கொடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மாட்டை நிழலில் கட்டுவது முதல் வேலை. 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

பசிதான் வில்லன்

சும்மா எந்த மாடும் இதை தின்னாது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மாட்டுக்கு அந்த நெடியே போதும், விலகி போய்விடும். வெளியூர் சந்தையில் வாங்கி வந்த மாடும், புல் கிடைக்காமல் பசியில் திரிகிற மாடும்தான் வாய் வைக்கும். புல் ஏன் கிடைக்கவில்லை? அந்த இடத்தில் உண்ணி நிற்கிறதே!

விஷம் இருப்பதால் எதுவும் தின்னாது. தின்னாததால் புதராகி நிற்கும். அதன் அடியில் புல் முளைக்காது. செத்த மாட்டை விட இந்த நஷ்டம் பல மடங்கு பெரிசு.

நம்ம மலைக்கு பக்கத்திலேயே கர்நாடகாவில் இருக்கிறது பிலிகிரி ரங்கன் மலை. 1997-ல் அங்கே ஆய்வு செய்த இடங்களில் 41 சதவீதத்தில் உண்ணி இருந்தது. 2008-ல் மறுபடி பார்த்தபோது 81 சதவீதம். அங்குள்ள சோளகர்கள் வேறு ஒரு காரணமும் சொல்கிறார்கள். முன்பு வருஷா வருஷம் சருகுக்கு லேசாக தீ வைப்பார்களாம். 1974-ல் சரணாலயம் ஆன பிறகு அது நின்றுபோனது, அப்புறம்தான் உண்ணி ஏறியது என்பது அவர்கள் வாதம்.

மான், காட்டெருமை, யானை எல்லாம் புல்லுக்கு அலைய வேண்டியதுதான். காட்டில் புல் குறைந்தால் யானை எங்கே வரும் என்று தாளவாடி, கடம்பூர் விவசாயிகளுக்கு சொல்ல வேண்டியதில்லை. புலிக்கு மட்டும் இது நல்ல மறைவிடம். 2021-ல் மசினகுடி பக்கம் ஆட்கொல்லி புலியை மூன்று வாரம் தேடியபோது வனத்துறையை திண்டாட வைத்ததும் இந்த புதர்தான்.

இப்போ பர்கூருக்கு வருவோம். இங்குள்ள செவலை மாடுகள் பட்டியில் அடைபட்டு, காட்டில் மேய்ந்து வளர்கிறவை. 2022-ல் ஐகோர்ட்டு சரணாலயம், புலிகள் காப்பகங்களில் மாடு மேய்க்க தடை போட்டது. 2024 ஜனவரியில் இங்கே சுமார் 800 சதுர கிலோமீட்டர் காடு, தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனது. மேய்ச்சல் உரிமை போய்விடும் என்று மலை மக்கள் எதிர்க்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் அந்த உரிமையை ஒத்துக்கொள்கிறது.

காட்டு விலங்கின் புல்லை மாடு தின்கிறது என்று வழக்கு பேசுகிறவர்கள், உண்ணி தின்ற புல்லுக்கும் சேர்த்து கணக்கு காட்டட்டும். அதை காட்டாமல் மாட்டை மட்டும் விரட்டுவது பாதி நியாயம்தான்.

அரசும் சும்மா இல்லை. அன்னிய செடிகளை அகற்ற 2022-ல் தனிக் கொள்கையே போட்டார்கள். ஆனால் வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே வெட்டினாலும் தீ வைத்தாலும் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் இரண்டு விரல் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை தலைகீழாக போட வேண்டும். பிறகு அங்கே உள்ளூர் புல் விதைக்க வேண்டும். மழைக்கு மழை வருகிற கன்றுகளையும் சில வருஷம் விடாமல் பிடுங்க வேண்டும். ஒருமுறை வெட்டி பில் போட்டுவிட்டு போகிற வேலை இல்லை.

வெட்டிய தண்டுக்கும் விலை உண்டு. கூடலூர் பக்கம் பழங்குடியினர் இதை வைத்து நிஜ யானை அளவுக்கு யானை செய்கிறார்கள். 2021-ல் லண்டனிலும், 2024-ல் அமெரிக்காவிலும் அவை கண்காட்சிக்கு போயின. பர்கூர் மலையிலும் வெட்டுகிற கூலியையும் தண்டையும் மலை மக்களுக்கே கொடுத்தால், மாடு மேய்க்கிறவரே புதரையும் பார்த்துக்கொள்வார்.