ஹேரன்கிராக்ட் கரையில் நம் கணக்கும் உண்டு

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்களில் பலர் அந்த நகரத்துக்கு ஒதுக்குவது அரை நாள்தான். காலையில் மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கூரை போட்ட படகில் ஏறி, ஹேரன்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்று வளைந்து செல்லும் கால்வாய்களைச் சுற்றுகிறார்கள். பிறகு இறங்கி, வழிகாட்டியின் பின்னால் டாம் சதுக்கம் வரை நடக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். இந்த அரை நாள் சுற்றுலாவை மேம்போக்கானது என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு நகரம் தன்னைப் பற்றி எதை முதலில் சொல்கிறது, எதைச் சொல்லாமல் கடந்து போகிறது என்பது அந்தச் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் சொல்லும் கதை, நம் கண்முன்னேயே மாறி வந்திருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்ஸ்டல் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது வெறும் சதுப்பு நிலம். அந்தச் சேற்றில் வீடு நிற்காது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கும் மணல் படுகையைத் தொடும்வரை பைன் மரத் தூண்களை அடித்து இறக்கி, அவற்றின் தலைமேல் அஸ்திவாரம் போட்டார்கள். நீருக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை மரம் கெடாது. நிலத்தடி நீர் இறங்கித் தூணின் தலை வெளியே தெரிந்தால் அழுக ஆரம்பிக்கும். இன்றும் அங்கே நீர்மட்டத்தை இவ்வளவு கவனமாகக் காப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1655-இல் திறக்கப்பட்ட நகர மன்றக் கட்டடம், இன்றைய அரண்மனை, 13,659 தூண்கள்மேல் நிற்கிறது. வருடத்தின் 365 நாளுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் போட்டு, பள்ளிப் பிள்ளைகள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வார்கள். அதன் பெரிய மண்டபத்தின் பளிங்குத் தரையில் உலகப் படங்கள் பதித்திருக்கின்றன. நகரத்து மக்கள் உலகத்தின் மேலேயே நடந்து போகலாம்.

கால்வாய் வளையத்தை 1613-இல் தோண்டத் தொடங்கினார்கள். 1585-இல் ஆன்ட்வெர்ப் ஸ்பானியர் கையில் விழுந்தபின், வணிகர்களும் கைவினைஞர்களும் வடக்கே ஓடி வந்து நகரத்தை நிரப்பியிருந்தார்கள். நகர மன்றம் நிலத்தைக் கையகப்படுத்தி, மனைகளாகப் பிரித்து விற்றது. வளையத்தில் செல்வருக்கு அகன்ற மனைகளும் பின்புறத் தோட்டமும்; அதற்கு மேற்கே யோர்டானில், பழைய வயல்வெளி வாய்க்கால்களின் போக்கிலேயே போட்ட குறுகிய சந்துகளில் தொழிலாளிகளும் தோல் பதனிடுவோரும். படகில் போகிறவர்கள் பார்ப்பது முன்னதை. ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரமும் கொக்கியும் சரக்கைக் கயிறு கட்டி மேல்மாடிக்குத் தூக்குவதற்காக வைத்தவை. தூக்கும்போது சுவரில் மோதாமல் இருக்கவே பல வீடுகளின் முகப்பைச் சற்று முன்பக்கம் சாய்த்துக் கட்டினார்கள். செல்வர் வீடே கிடங்காகவும் இருந்த ஊர் இது.

அந்தக் கிடங்குகளில் என்ன இருந்தது? இங்கேதான் வழிகாட்டியின் குரல் பல காலம் வேகமெடுத்து ஓடியது. வாசனைப் பொருள், பட்டு, பீங்கான், துணி என்று அடுக்கிவிட்டு ரெம்பிராண்டுக்குப் போய்விடுவார்கள்.

1602-இல் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது, பொதுமக்கள் எவரும் பங்கு வாங்கலாம் என்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிந்தார்கள். கம்பெனி இயக்குநர் டிர்க் வான் ஒஸ் வீட்டில்தான் பதிவேடு வைத்திருந்தார்கள். அவர் வீட்டுப் பணிப்பெண் நேல்ட்ஹென் கொர்னேலிஸ்கூட 100 கில்டர் போட்டாள். பங்குச் சந்தையின் பிறப்பைச் சொல்பவர்கள் இந்தப் பெண்ணை மறக்காமல் குறிப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பணம் பெருகிய விதத்தை அதே மூச்சில் சொல்ல வேண்டும். சாதிக்காய்க்காக 1621-இல் பாண்டா தீவுகளில் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் நடத்திய படையெடுப்பில், அந்தத் தீவுகளின் மக்கள் ஏறக்குறைய அடியோடு அழிந்தார்கள். கொல்லப்பட்டவர் போக மற்றவர்கள் பட்டினியால் செத்தார்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

தமிழ் வாசகர்கள் இந்தக் கதையில் வெளியே நின்று பார்க்கும் பார்வையாளர்கள் அல்லர். ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க்கு மண்வெட்டி விழுந்த அதே 1613-இல்தான் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். இரண்டுக்கும் உறவு வெறும் ஆண்டு ஒற்றுமையோடு நிற்கவில்லை. மொலுக்காத் தீவுகளில் வாசனைப் பொருள் விற்றவர்கள் ஐரோப்பியச் சரக்கைப் பெரிதாக மதிக்கவில்லை. சோழமண்டலக் கரையின் சாயத் துணியைத்தான் கேட்டார்கள். அதனால் கம்பெனி இங்கே துணி வாங்கி, அங்கே கொடுத்து, கிராம்பும் சாதிக்காயும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போனது. நம் நெசவாளரின் தறியும் சாயக்காரரின் தொட்டியும் இல்லாமல் அந்த வணிகச் சுற்று முழுமை பெற்றிருக்காது. ஹேரன்கிராக்ட் வீடுகளின் செங்கல்லில் அந்த உழைப்புக்கும் பங்கு உண்டு.

துணி மட்டும் போகவில்லை. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதை அடுத்த ஆண்டுகளில் தஞ்சை நாட்டில் பீஜப்பூர்ப் படைகளின் சூறையும் பஞ்சமும் ஒன்றாக வந்தன. 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 வரை இருக்கும் என்பது வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்கின் மதிப்பீடு. பெரும்பகுதியை இலங்கைக்கும் ஒரு சிறு பகுதியை பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினார்கள். பசியில் பிள்ளையை விற்ற குடும்பங்களும் தன்னையே விற்றுக்கொண்டவர்களும் இதில் அடக்கம். தென்னாப்பிரிக்கக் கேப் குடியேற்றத்தின் பழைய பதிவுகளில், சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் புதிதாகச் சூட்டப்பட்ட ஒரு பெயரோடும், அப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஏற்றப்பட்ட கரையின் பெயரோடும் நிற்கிறார்கள். ஊர் இல்லை, குலம் இல்லை, தாய் வைத்த பெயரும் இல்லை.

இனி நகரம் தன் கதையை மாற்றிக்கொண்ட வகை. மேயர் குடியிருக்கும் ஹேரன்கிராக்ட் 502-ஆம் எண் மாளிகை, அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஈடுபட்ட பௌலுஸ் கோடின் 1670-களில் கட்டியது. அதைச் சொல்லும் ஒரு நினைவுக் கல்லை 2006-இல் அதன் முன்னால் வைத்தார்கள். தன் முதல் குடிமகன் வாழும் வீட்டு வாசலில் இப்படி எழுதி வைக்க ஒரு நகரத்துக்குத் துணிவு வேண்டும். 2019-இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் பதினேழாம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று அழைப்பதை நிறுத்தியது. 2021 ஜூலை 1 அன்று மேயர் ஃபெம்கே ஹல்செமா அடிமை வணிகத்துக்காக நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2023-இல் அதே நாளில் மன்னர் வில்லம் அலெக்சாண்டர் கேட்டார். சுரினாமிலும் கரீபியத் தீவுகளிலும் 1863-இல் அடிமைமுறை ஒழிந்த நாள் அது.

பிரின்சன்கிராக்ட் 263-ஐப் படகு கடக்கும்போது எல்லோரும் எழுந்து பார்க்கிறார்கள். ஆன் ஃபிராங்க் குடும்பம் 1942 முதல் 1944 வரை ஒளிந்திருந்த வீடு அது; 1960 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நெதர்லாந்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட யூதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த இழப்பைச் சொல்லும் பழக்கம் நகரத்துக்குச் சீக்கிரமே வந்தது. தான் இழைத்ததைச் சொல்லும் பழக்கத்துக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதுவும் சுரினாமிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தெருவிலும் சபையிலும் விடாமல் கேட்டதால் வந்தது. கேட்க ஆள் இருந்த இடத்தில் பதில் கிடைத்தது. ஆசியக் கரைகளிலிருந்து போனவர்களுக்காகக் கேட்ட குரல்கள் மிகக் குறைவு. ஆகவே மன்னிப்பின் வெளிச்சமும் அட்லாண்டிக் பக்கமே கூடுதலாக விழுகிறது.

இதில் ஒல்லாந்தரைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. கம்பெனியின் ஆவணங்கள் திறந்தே இருக்கின்றன. திஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான அலமாரிகளை நிரப்பியிருக்கின்றன. 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்தன. ஒல்லாந்தர் கால ஏடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கப் பதினேழாம் நூற்றாண்டின் டச்சு மொழியும் அந்தக் காலக் கையெழுத்தும் தெரிய வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வரலாற்று மாணவர்களில் ஆண்டுக்கு நாலைந்து பேருக்காவது உதவித்தொகை கொடுத்து இதைக் கற்பிக்க முன்வர வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து ஏற்றப்பட்டவர்களைக் கப்பல் கணக்குகளில் தேடி எழுத வேண்டியவர்கள் நாம்தான். ஆம்ஸ்டர்டாமில் படகேறப் போகும் வாசகர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிளோஃபெனியர்ஸ்பர்க்வால் கால்வாய் ஓரத்தில், இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் பழைய கிழக்கிந்தியக் கம்பெனி மாளிகை நிற்கிறது. அங்கே ஒரு பத்து நிமிடம் நின்று, பழவேற்காடு பற்றி உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.