அட்டை இருக்கிறது, டாக்டர் எங்கே?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, செங்கோட்டை வட்டாரத்து ஏழைக் குடும்பங்கள் பலவற்றின் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் அட்டை அது. ஆனால் நெஞ்சுவலி வந்த நாளில், அந்த அட்டையை ஏற்றுக்கொண்டு வைத்தியம் பார்க்கும் இருதய நிபுணர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடுவதே அக்குடும்பத்துக்குப் பெரும்பாடாகி விடுகிறது. இது குறித்து அதிகாரிகளுக்கும், நம் தோழர்களுக்கும் சில சொல்ல விரும்புகிறோம்.

திட்டத்தைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல, கூறவும் மாட்டோம். 2009 ஜூலை 23ஆம் நாள் கலைஞர் அவர்கள் இதனைத் தொடங்கி வைத்தபோது, ஏழைக்கு எதற்கு இருதய ஆப்பரேஷன் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2012 ஜனவரியில் வந்தவர்கள் பெயரை மாற்றினார்கள். திட்டத்தை எடுத்துவிட அவர்களாலும் முடியவில்லை. 2018இல் டெல்லி தன் பெயரையும் முன்னால் ஒட்டிக்கொண்டது. தான் தயாரித்து வைத்திருக்கும் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும், அதிலும் நூற்றுக்கு அறுபது பங்குதான் அது தருகிறது. மீதியெல்லாம் மாநிலத்தின் தலையில். பெயர் வைக்க முந்துகிறவர்கள் பணம் வைக்கவும் முந்தினால் நன்றாக இருக்கும். அது நிற்க.

காப்பீடு என்பது நடந்த வைத்தியத்துக்குப் பணம் கட்டும் ஏற்பாடு. இல்லாத டாக்டரை அது கொண்டுவந்து நிறுத்தாது. ஆஸ்பத்திரிகள் நிறைந்த சென்னையிலும் மதுரையிலும் இந்த உண்மை கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையடிவாரத்தில்தான் அது முகத்தில் அறைகிறது.

புளியரையில் பீடி சுற்றும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மார்பு அடைக்கிறது. முதலில் ஒரு நிபுணரைப் பார்க்க வேண்டும்; இ.சி.ஜி., எக்கோ எடுக்க வேண்டும். வெளிநோயாளியாகத் தனியாரிடம் போனால் டாக்டர் கட்டணத்துக்கு அட்டை உதவாது, கைக்காசுதான். பிறகு ஆஞ்சியோகிராம் என்கிறார்கள். விசாரித்தால், "காப்பீட்டு ஆஸ்பத்திரிப் பட்டியலில் எங்கள் பெயர் உண்டு, ஆனால் இருதயப் பிரிவுக்கு இல்லை" என்று பதில் வருகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பிரிவு வாரியாகத்தான் அனுமதி தரப்படுகிறது என்பது அந்த அம்மாளுக்கு யார் சொல்லித் தெரியும்? கண்ணுக்கும் எலும்புக்கும் அனுமதி பெற்ற இடத்தில் போய் இருதயத்தைக் காட்டிவிட்டு, ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து திரும்புகிறார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. அனுமதி பெற்ற இடத்திலேயே, "காப்பீட்டில் வரும் தொகை போதாது, மேலே கொஞ்சம் கட்டுங்கள்" என்று கேட்பார்கள். திட்டத்தின் விதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிர்ணயித்த தொகைக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டுதான் ஆஸ்பத்திரிகள் பட்டியலில் சேருகின்றன. மருந்து தடவிய ஸ்டெண்டுக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டப்படும் வரை, ஒன்றுக்கே இலட்சத்துக்கு மேல் வாங்கிய காலம் நமக்கு மறக்கவில்லை. கேட்பவனுக்கு வழக்கம், கொடுப்பவனுக்குத் தாலிக்கொடி!

தேடிப் போக அவகாசம் உள்ள நோயாளியின் கதை இது. நள்ளிரவில் மாரடைப்பு வந்தவருக்குத் தேட நேரம் ஏது? இரத்தக் குழாய் அடைத்த பின் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பை நீக்கும் கூடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அருகிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, ஒரு நாளுக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்பதே மருத்துவ முறை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்தனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 ஜூனில் வந்தது, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாத்திரையை விழுங்கிய பின் 108 வண்டி எங்கே போகும்? செங்கோட்டையிலிருந்து தென்காசி எட்டு கிலோமீட்டர்தான். நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. பெரிய காரியம் எதற்கும் மலைக்கு அப்பால் பார்த்தது. தமிழகத்தோடு சேர்ந்த பின் நெல்லையைப் பார்த்தது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் அருகே வந்துவிட்டார். இருதயத்துக்கு மட்டும் இன்னும் நெல்லைப் பயணமா?

2022 ஜனவரி 12இல் தமிழகத்தில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. விருதுநகர் இருந்தது, இராமநாதபுரம் இருந்தது, தென்காசி இல்லை. அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம், பத்து இலட்சம் மக்களுக்கு நூறு இடங்கள் போதும், அதற்கு மேல் உள்ள மாநிலத்தில் புதிய கல்லூரி கூடாது என்று விதி எழுதிற்று. எதிர்ப்பைக் கண்டு ஒத்திவைத்தது. சென்னையைச் சுற்றிக் கல்லூரிகள் இருப்பதால் செங்கோட்டைக்காரனுக்கு நெஞ்சுவலி வராதா? மாநிலம் முழுவதையும் கூட்டி வகுத்தால் கிடைக்கும் கணக்கை வைத்துக்கொண்டு மலையடிவாரத்து நோயாளியை அளப்பது என்ன நியாயம்?

கல்லூரி வரட்டும், போராடிப் பெறுவோம். அதுவரை தென்காசி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கும் இருதய மருத்துவர் இருக்க வேண்டும். இயந்திரம் வாங்கித் திறப்பு விழா நடத்துவது எளிது. இயக்குவதற்கு டாக்டரும், டெக்னீஷியனும், நர்சும் மூன்று ஷிப்டுக்கும் வேண்டும். பணத்துக்கு வழியில்லை என்று சொல்ல வேண்டாம். காப்பீட்டின் கீழ் வைத்தியம் செய்தால் அரசு ஆஸ்பத்திரிக்கும் தொகை வருகிறது. அத்தொகை தனியாருக்கே போய்ச் சேர வேண்டும் என்று தலையெழுத்தா?

மாவட்ட ஆட்சித் தலைவர் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருதயப் பிரிவுக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகள் எவை, அங்கே காப்பீட்டுப் பொறுப்பாளர் யார், அவர் தொலைபேசி எண் என்ன என்று தமிழில் எழுதி, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ரேஷன் கடையிலும் பலகை வைக்கச் செய்யலாம். மேல்பணம் கேட்டதாகப் புகார் வந்தால், ஆட்சித் தலைவர் தலைமையில் உள்ள குறைதீர்க்கும் குழு அதை விசாரித்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும்.

செங்கோட்டை, பண்பொழி, அச்சன்புதூர், புளியரைக் கிளைக் கழகத் தோழர்கள் அந்தப் பலகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிப்பகச் சுவரில் எழுதி வையுங்கள். கட்டணமில்லாத காப்பீட்டுத் தொலைபேசி எண் 1800 425 3993. அதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.