செட்டுக்கு நிதி உண்டு, டவருக்கு இல்லையா?

கடலோரப் பேரிடர்க் காலத் தொடர்புக்குத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும், அதற்கு நிதி ஒதுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும்,

ஐப்பசி பிறந்து, வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் ஹாம் வானொலிக்காரர்களான எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். நாகையிலும் காரைக்காலிலும் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் அழைப்புகள் இன்னும் கூடும். "உங்க ஹாம் செட்டெல்லாம் வேலை செய்யுதா?" என்று கேட்பீர்கள். செய்கிறது. "டவர் எப்படி இருக்கிறது, ஆன்டெனா நிற்கிறதா?" என்று மட்டும் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நீங்கள் கேட்காத அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஹாம் வானொலி ஒரு பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைத்தால் அதில் தவறில்லை. தேர்வு எழுதி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வாங்கி, சொந்தப் பணத்தில் செட் வாங்கிப் பேசுகிறவர்கள் நாங்கள். இந்தச் சேவைக்குக் கூலி வாங்கக் கூடாது என்பது உரிமத்தின் அடிப்படை. ஆனால் புயலில் எல்லாத் தொடர்பும் அறுந்தபின் இந்தப் பொழுதுபோக்கைத்தான் நீங்கள் நாடுகிறீர்கள். அப்படி நாடுவதற்கு அது நின்றுகொண்டிருக்க வேண்டும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையை நினைத்துப் பாருங்கள். அன்று அந்தமானில் ஒரு ஹாம் குழு இருந்தது. அந்தத் தீவுகளில் பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லை. ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் (அழைப்புக்குறி வி.யு.2 ஆர்.பி.ஐ.) அலைந்து திரிந்து அனுமதி பெற்று, குழுவோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள் அவர்கள். காலை ஆறரை மணிக்குச் சற்று முன் நிலம் ஆடியது. தொலைபேசி போனது, மின்சாரம் போனது. பேச்சுக்காக வைத்த நிலையம் அன்றே பேரிடர் நிலையமாக மாறியது. தீவுகளிலிருந்து உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் செய்தி போக அது வழியாக இருந்தது. இந்தக் கதையைப் பேரிடர்க் கூட்டங்களில் நீங்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு விவரத்தை மட்டும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிலநடுக்கம் வந்தபோது அவர்களுடைய ஆன்டெனா ஏற்கெனவே மேலே நின்றது. பெட்டியைப் பிரித்து, கம்பம் தேடி, கயிறு கட்டி ஏற்ற வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

அந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி அலைகள் நம் கரைக்கு வர அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. அந்த இடைவெளியில் எங்கள் தரங்கம்பாடிக்கு எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். ஒரு ஹாம் டவர் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது, செய்தி இப்போது நிமிடங்களில் பிறக்கிறது. அது கடைசி மீனவத் தெருவரை போய்ச் சேருவதும், அங்கிருந்து பதில் திரும்பி வருவதும்தான் இன்னும் கம்பத்தையும் கம்பியையும் நம்பியிருக்கிறது.

கஜா புயலில் அந்தக் கம்பமும் கம்பியும் என்ன ஆயின என்று பார்த்தோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல இடங்களில் செல்போன் டவர் விழாமலே ஊமையானது. பேட்டரி சில மணி நேரம் தாங்கியது. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியின்றிச் சாலையில் மரங்கள் கிடந்தன. "சாட்டிலைட் போன் இருக்கிறதே" என்று நீங்கள் சொல்வது தெரியும். இருக்கட்டும், வேண்டியதுதான். அதில் ஒருவர் ஒருவரோடு பேசலாம். ஹாம் அலைவரிசையில் ஒருவர் பேசினால் இருபது ஊர் ஒரே நேரத்தில் கேட்கும். எந்தப் பாலம் உடைந்தது, எந்தப் பள்ளியில் சோறு இல்லை என்று எல்லோருக்கும் ஒரே மூச்சில் தெரிந்துவிடும்.

இனி டவர் விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ இருக்கும் ஹாமுக்கு மலையே டவர். ஒரு சிறு கம்பத்தை நட்டால் கீழே உள்ள மாவட்டங்கள் அவருக்குக் கேட்கும். காவிரி டெல்டாவில் மேடு என்று சொல்ல ஆற்றங்கரையும் கோயில் கோபுரமும்தான் உண்டு. வாக்கி டாக்கியில் நாங்கள் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. தரையில் நிற்கும் இருவர் கையில் இருக்கும் செட்டுகளுக்கு இடையே கணக்குப்படி பதினோரு கிலோமீட்டர் சொச்சம் கிடைக்க வேண்டும். தென்னையும் சவுக்குத் தோப்பும் வீடுகளும் மறிப்பதால் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. தரங்கம்பாடியில் 30 மீட்டர் உயரத்தில், ஒரு செட்டின் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரின் ஆன்டெனா நின்றால் கணக்கு 28 கிலோமீட்டருக்குப் போகிறது. வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால் இரண்டும் அதற்குள் வந்துவிடும். மயிலாடுதுறை விளிம்பில் நிற்கும். செட்டின் வாட்டைக் கூட்டி இந்தத் தூரத்தை வாங்க முடியாது. உயரம் ஒன்றுதான் தரும். சமவெளியில் உயரத்தை நாம்தான் கட்ட வேண்டும், கட்டியதை நாம்தான் காக்க வேண்டும்.

காப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், நிதிக் கோப்பில் அது எங்குமே இல்லாததால். எங்கள் கடற்கரையில் உப்பு எதையும் விடாது. எங்கள் ஊர் மாசிலாமணிநாதர் கோயிலின் கல்லையே கடலும் காற்றும் தின்றன, இரும்பு எம்மாத்திரம்? முதலில், டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் கிளாம்பில் வெள்ளைப் பொடி பூக்கும். அது துத்தநாகப் பூச்சு கரைவது. பிறகு, அந்தக் கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் மரைக்குள் செந்துரு இறங்கி, முறுக்க வராமல் இறுகிவிடும். கம்பியின் இழைகளில் முதலில் அறுவது கிளாம்புக்கு அடியில் உள்ள இழை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. நங்கூரக் கம்பி மணலுக்குள் நுழையும் இடத்தில், உவர்நீர் ஏறி இறங்கும் அந்த ஒரு சாண் நீளத்தில்தான், மெலிந்து பென்சில் அளவுக்குப் போகும். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேபிள் இன்னும் மோசம். மேலே கனெக்டரைச் சுற்றிய டேப் வெயிலில் வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்கி, செம்புப் பின்னல் வழியாக மீட்டர் கணக்கில் ஊறிப் போகிறது. முனையை வெட்டிப் பார்த்தால் பளபளக்க வேண்டிய பின்னல் கறுத்து, நகம் பட்டதும் பொடியாக உதிரும். இதில் ஆபத்து என்னவென்றால், இப்படிக் கெட்ட கேபிளைக் கீழே, திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் சோதித்தால் பல நேரம் நல்ல அளவே காட்டும். ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி வழியிலேயே சூடாகக் கரைந்துவிடுவதால் திரும்பி வருவது குறைகிறது, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தி, முள்ளைப் பார்த்து, "ஓகே" என்று எழுதிவிட்டுப் போகும் ஆய்வு அதனால்தான் ஆய்வே இல்லை.

எங்கள் மனக்குறைக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் ஒரு பொதுக் கட்டடத்தின் மொட்டை மாடியில், அனுமதியோடு, நன்கொடைப் பணத்தில் ஒரு கம்பம் நட்டோம். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒரு ஸ்டே கம்பியை அவிழ்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அதைக் கைப்பிடிச் சுவரின் குழாயில் சுற்றிவிட்டுப் போனார்கள். எர்த் குழிக்கு இறங்கிய செம்புப் பட்டை காணாமல் போனது. இடி மின்னல் காலத்தில் எர்த் இல்லாத கம்பம் அந்தக் கட்டடத்துக்கே ஆபத்து என்று எழுதிக் கொடுத்தோம். கம்பம் இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை, ஆகவே அதற்குப் பராமரிப்புச் செலவு காட்ட முடியாது என்றார்கள். நாங்களே செலவு செய்து சரிசெய்கிறோம் என்றோம். அரசுக் கட்டடத்தில் வெளியாள் கைவைக்கக் கூடாது என்றார்கள். மாடிச் சாவி வைத்திருப்பவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார். புயல் கூண்டு ஏறும் இரவில் ஆன்டெனாவை இறக்க நாங்கள் யாரிடம் போய் நிற்பது? இதற்கு இடையில், கூட்டம் போட்டுப் புது வாக்கி டாக்கிகள் வழங்கப்பட்டன. படம் எடுத்தார்கள். மகிழ்ச்சிதான். அந்த வாக்கி டாக்கிகள் பேச வேண்டிய ரிப்பீட்டருக்கு நிற்க ஒரு நல்ல கம்பம் இல்லை என்பதை அன்று மேடையில் ஒருவரும் சொல்லவில்லை.

கருவியைக் கொடுத்துவிட்டுப் பராமரிப்பை மறக்கும் இது புதிய நோயும் அல்ல. தமிழ்நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியதே ஆர்வலர்கள்தான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்து ஒலிபரப்பினார். 1927இல் அது நின்றது. தொடர்ந்து நடத்தப் பணம் இல்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930இல்தான் மறுபடி குரல் வந்தது. தொடங்குவதற்குக் கிடைக்கும் கை, நடத்துவதற்குக் கிடைப்பதில்லை.

நாங்கள் கேட்பது பெரிய தொகை இல்லை. முதலில், உங்கள் கட்டடங்களில் உள்ள கம்பங்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஏறினால்தான் ஆண்டுப் பராமரிப்புக்குத் தலைப்பு கிடைக்கும். ஒவ்வொரு செட்டுக்கும் ஒதுக்கும் பணத்தோடு அதன் கேபிள், ஸ்டே, எர்த் ஆகியவற்றுக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். துருவுக்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் பராமரிப்பு என்று கணக்கு எழுதாதீர்கள். கடற்கரையில் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புதான் நிற்கும்.

புதிதாக வைப்பதென்றால், அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் வகை டவரை வையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது டவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. கஜா போன்ற காற்றில் நிமிர்ந்து நின்று ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை. புயலுக்கு முன் சாய்த்துப் படுக்க வைத்து, கடந்ததும் நிமிர்த்தினால் அன்று காலையே பேசலாம். அதோடு ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்திலும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு சாதாரணக் கம்பி ஆன்டெனா இருக்கட்டும். ஏறக்குறைய 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம், தூக்கி இறக்க ஒரு கப்பி. தாழ்வாகக் கட்டினால் அலை நேர் மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகல் வேளையில் தமிழ்நாடு முழுக்க இறங்கும். ரிப்பீட்டர் விழுந்தாலும் சென்னையோடு பேச இது போதும்.

வேலைக்கு ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். கயிறும் கப்பியும் முடிச்சும் எங்கள் ஊர் மீனவ இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உடல் முழுதும் பிடிக்கும் பாதுகாப்புப் பெல்ட்டும், ஒன்றை மாட்டிய பிறகே மற்றொன்றைக் கழற்றும் இரட்டைக் கொக்கியும் வாங்கிக் கொடுங்கள். ஏறும் முறையையும் ஆன்டெனா வேலையையும் நாங்கள் கற்றுத் தருகிறோம். அவர்களில் சிலர் ஹாம் தேர்வும் எழுதினால், கரையில் பேச ஆளும் கிடைக்கும், கம்பம் காக்க ஆளும் கிடைக்கும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசிக்குள், ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். பொறியாளர் ஒருவரையும் பதிவேட்டையும் மாடிச் சாவியையும் அனுப்பிவையுங்கள். கிளாம்பு கிளாம்பாக, நங்கூரம் நங்கூரமாகத் தோண்டிக் காட்டுகிறோம். எதை மாற்ற வேண்டும் என்று அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தரங்கம்பாடியிலிருந்து ஒரு ஹாம் உரிமதாரர்