கேபிளின் நீளமும் ஒரு தராசுதான்

“பங்குச் சந்தையில யாரு எந்த வயர் போட்டா நமக்கென்ன சேர்?” என்று கேட்கும் உறவுகள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழிகிறது, கம்பனி 12 வீதம் போடுகிறது. அந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. அதில் ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில் போடப்பட்டிருக்கிறது. அதாவது, மலையில் கொழுந்து பறிக்கும் அக்காவின் காசும் அந்தச் சந்தையில் இருக்கிறது. அவரிடம் யாரும் கேட்டுப் போடவில்லை.

இப்போது வயர் கதைக்கு வருவோம். பெரிய சந்தைகளில், சந்தையின் தரவு நிலையத்துக்குள்ளேயே தரகர்கள் வாடகை கட்டித் தங்கள் கணினிகளை வைக்கலாம். கிட்ட இருப்பவனுக்கு விலை முதலில் தெரியும். வித்தியாசம் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை, ஆனால் கணினிக்கு அது போதும்.

இந்தியாவின் தேசியப் பங்குச் சந்தையில் 2010 முதல் 2014 வரை என்ன நடந்தது? விலைத் தரவு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகவில்லை, வரிசையாகப் போனது. காலையில் முதலில் இணைந்தவனுக்கு முதலில் கிடைத்தது. 2015இல் பெயர் சொல்லாத ஒருவர் கடிதம் எழுதித்தான் விஷயம் வெளியே வந்தது. அதை வெளியிட்ட ‘மணிலைஃப்’ மீது சந்தை 100 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. பம்பாய் உயர் நீதிமன்றமோ தடை விதிக்க மறுத்து, சந்தையையே 50 இலட்சம் கட்டச் சொன்னது. 2019இல் செபி, சுமார் 625 கோடி ரூபாயை வட்டியுடன் கட்ட உத்தரவிட்டது. 2023இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை நீக்கி, கவனக்குறைவுக்காக 100 கோடி என்றது. கூட்டுச் சதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2024இல் செபியே சொல்லிவிட்டது.

“அப்போ குற்றமே இல்லையே” என்பீர்கள். பயமே அதுதான்! யாரும் சதி செய்யாமலே, வரிசை போட்ட விதம் மட்டுமே ஒருவனை முன்னால் நிறுத்திவிடுகிறது.

“காசு கட்டுறவன் முன்னால நிக்கிறது வியாபாரம்தானே?” இல்லை. சந்தைக்குப் பக்கத்தில் கடை எடுப்பது வியாபாரம். தராசு பிடிப்பவனே முள்ளைச் சிலருக்கு முதலில் காட்டிக் காசு வாங்குவது வியாபாரமல்ல. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது.

“சேமலாப நிதி வருடக்கணக்கில் வைத்திருப்பது, நொடிக் கணக்கு எதற்கு?” பெரிய நிதி பங்குகளைத் துண்டு துண்டாகத்தான் வாங்கும். அதை முந்திப் பார்ப்பவன் விலையைச் சில சதம் ஏற்றிவிடுவான். சில சதம்தானே என்று நம்மிடம் சொல்லாதீர்கள். மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தினமும் கழிக்கும் கிலோ வருடக் கடைசியில் எவ்வளவாகும் என்று தெரிந்த சனம் நாம்.

சமமாகச் செய்ய முடியாததல்ல. அமெரிக்காவில் ஐஇஎக்ஸ் என்ற சந்தை 38 மைல் கேபிளைச் சுருட்டி வைத்து, எல்லாருடைய கட்டளைகளையும் ஒரே அளவு தாமதப்படுத்துகிறது. இந்தியாவிலும் 2018இல் சிறு தரகர்களுக்கும் இடம், எல்லாருக்கும் இலவசத் தரவு என்று செபி விதி போட்டது. கொள்ளை பற்றிய பேச்சு நாடு முழுக்கப் பரவிய பிறகு வந்த விதி அது.

நமக்கு அது முன்னாலேயே வேண்டும். கொழும்பில் இணைப்பு முறையில் எந்த மாற்றம் வந்தாலும் யாருக்கு இடம், என்ன வாடகை, எத்தனை மீற்றர் கேபிள், தரவு ஒரே நேரத்தில் போகிறதா என்பதை மூன்று மொழியிலும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் மேடை ஏறும் தொழிற்சங்கத் தலைவர்களே, நம் எம்பிமாரே, இதையும் கேளுங்கள். அது எங்கள் சனத்தின் முதுமைக் காசு.